இடைவேளைத் தண்ணீர்

எங்கள் ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேர் உட்காரலாம். பதினேழு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். ஒரு நாற்காலியில்கூட உட்கார்ந்து நான் மேட்ச் பார்த்ததில்லை. பந்தை யார் உதைத்தார்கள், யார் கோட்டை விட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இடைவேளை மட்டும்தான். நாற்பத்தைந்து நிமிடம் ஓடிவிட்டு ஆட்டக்காரர்கள் உள்ளே போவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கிழக்குப் பக்க மேல்தளத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வரும். அவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். நாற்பத்திரண்டு கழிவறைகள், என்னோடு சேர்த்து மூன்று துப்புரவுப் பெண்கள், வராத தண்ணீர்.

ஆனால் நான் சொல்லப்போவது என் கதை இல்லை. என் வீட்டுக்காரரின் கதை. அவர் அதே ஸ்டேடியத்தில் பிளம்பர். அவராக வாய் திறந்து சொல்லமாட்டார், சரியான கல்லுளிமங்கன். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லமாட்டார். எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்வார், அதைப் பார்த்து நானே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டேடியத்தில் அவருக்குப் பெயர் டாக்டர். எந்தப் பைப்பைப் பார்த்தாலும் விரலை மடக்கி முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். "உள்ள காத்து நிக்குது", "இது இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்று சொல்வார், சொன்னபடியே நடக்கும். வீட்டில் சமையலறைக் குழாய் நான்கு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம். "டாக்டரே, இந்த நோயாளிக்கு டோக்கன் எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

டாக்டர் என்ற அந்தப் பெயர் வந்த கதையைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டிருந்தோம். அப்போது அவர் தற்காலிக வேலையில் இருந்தார். ஒரு பெரிய மேட்ச். விருந்தினர் அறையில் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அறைக்கு வெளியே இருக்கிற நடைபாதையின் சுவருக்குள்ளேதான் மேல்தளத்துக்குத் தண்ணீர் ஏறும் பைப் போகிறது. இடைவேளையில் சுவருக்குள்ளிருந்து டம், டம் என்று யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். அறையே அதிர்ந்ததாம். விருந்தாளிகள் பயந்து எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு இருந்த மேனேஜருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தற்காலிகமாக இருந்த இவரைக் கூப்பிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷத்துல இந்தச் சத்தம் நிக்கலைன்னா நீயும் இல்ல, நானும் இல்ல" என்றிருக்கிறார். இவர் நடைபாதைக்குப் போனார். மூன்றாவது நிமிடம் சத்தம் நின்றுவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீ பிளம்பர் இல்லப்பா, டாக்டர்" என்றார். அந்த மாதமே வேலை நிரந்தரமானது. வேலை நிரந்தரம் என்ற பிறகுதான் என் அப்பா, பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சரி என்றார். ஆகவே எங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்ததே அந்தப் பைப்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். கூச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. மேல்தளப் பெண்கள் கழிவறை. சாதாரண நாட்களில் தொல்லை இல்லை. வருடத்துக்கு ஏழெட்டுப் பெரிய மேட்ச் வரும், கூட்டம் பிதுங்கும், அன்றைக்குத்தான் தலைவேதனை. ஒரு முறை ஃப்ளஷ் செய்தால் தொட்டி மறுபடி நிறைய ஒரு நிமிடம் ஆக வேண்டும். எங்கள் தளத்தில் பத்து நிமிடம் ஆகும். இடைவேளை தொடங்கி ஐந்தாவது நிமிடம் எல்லாத் தொட்டியும் காலி. உள்ளே இருப்பவர் கதவைத் தட்டுவார், வெளியே நிற்பவரும் தட்டுவார். நாங்கள் மூன்று பேரும் வாளியோடு ஓடுவோம். அதனால்தான் மேட்ச் பார்த்ததில்லை என்றேன். முதல் பாதி முழுக்க, ஒழுகுகிற குழாயில் ட்ரம் நிரப்பிக்கொண்டிருப்பேன். அந்த ட்ரம்மும் தீர்ந்ததும் கீழ்த்தளத்துக் குழாய்க்குப் போக வேண்டும். அந்தக் குழாய்க்குத் தனி பைப், அங்கே தண்ணீர் கொட்டும். அங்கிருந்து இருபத்திரண்டு படி. என் பச்சை வாளியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். ஒரு மேட்சுக்கு முப்பது வாளிக்குக் குறையாது.

ஏன் தண்ணீர் ஏறவில்லை? எல்லாரும் மோட்டாரைச் சொன்னார்கள். மோட்டாரைச் சொன்னால் மோட்டார் ஓட்டுகிறவரைச் சொன்ன மாதிரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு பம்ப் அறையில் ஓர் ஆள் தேவைப்பட்டபோது, என் கணவர்தான் என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். அண்ணன் சுத்தமான ஆள். மோட்டாரைத் தினமும் துடைத்து, பொட்டு வைக்காத குறையாகப் பார்த்துக்கொள்வான். அழுத்தம் காட்டுகிற மீட்டர் முள் எங்கே நிற்கிறதோ அதை மணிக்கொரு தடவை ரெஜிஸ்டரில் எழுதுவான். முள் எப்போதும் ஆறில் நிற்கும், அவனும் ஆறு என்று எழுதுவான். மேலே தண்ணீர் வராது. ஆறு எழுதியிருக்கிறானே, அப்புறம் ஏன் வரவில்லை என்று கேட்டால் மறுபடி மீட்டரைத்தான் காட்டுவான். இரண்டு தடவை மீட்டரை மாற்றிப் பார்த்தார்கள். புது மீட்டரும் ஆறுதான் காட்டியது. கடைசியில் அவனுக்கு அரை மோட்டார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் அவன் வரிசையில் நின்றால், "அரை மோட்டாருக்கு அரை கிளாஸ் டீ ஊத்துப்பா" என்பார்கள். அவனும் வாங்கிக் குடித்துவிட்டு வருவான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் இவர் என்னைத் தாங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய சூட்கேஸ் சக்கரத்தைக் கழற்றி, எனக்கு வாளி வைத்துத் தள்ள ஒரு வண்டி செய்து கொடுத்தார். படியில் அது ஏறாது, ஆனால் ட்ரம்மிலிருந்து கழிவறைவரை போகும். மேட்ச் முடிந்து நான் வந்தால் தைல டப்பாவோடு தயாராக உட்கார்ந்திருப்பார். வலது தோளில் எந்த இடம் வலிக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம், விரல் தானாக அங்கே போகும். கூட வேலை பார்க்கிற பெண்களிடம் பெருமையாகச் சொல்வேன். "உனக்கென்னக்கா, டாக்டர் புருஷன்" என்பார்கள்.

இன்னொரு சாமான் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு அவருடைய மூட்டையில், பழைய துண்டில் சுற்றி, கனமாக ஒரு பித்தளைக் குடுவை கிடந்தது. அடிப்பக்கம் திருகாணி போல மரை. என்ன இது என்று கேட்டதற்கு, "சும்மா, பைப்பு சாமான்" என்றார். எங்கள் வீட்டுப் பின்கதவு, காற்று அடித்தால் படார் படாரென்று அறைந்துகொள்ளும். நான் அந்தக் குடுவையை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். கச்சிதமாக நின்றது. பதினோரு வருடம் அது அங்கேயேதான் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் முகம் கழுவப் போனார்.

இந்த வருடம் எங்கள் ஸ்டேடியத்துக்குச் சர்வதேசப் போட்டியில் நான்கு மேட்ச் ஒதுக்கினார்கள். சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்தார்கள், நாற்காலிக்கெல்லாம் புது நம்பர் ஒட்டினார்கள். போட்டிக் குழுவிலிருந்து ஓர் இன்ஜினியர் மேடம் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும், கண்ணில் படுவதையெல்லாம் அளந்து பார்த்தார். அவர்தான் அந்தச் சோதனையைச் சொன்னார். ஸ்டேடியத்தில் இருக்கிற எல்லாக் கழிவறையிலும் அறைக்கு ஒருவர் நிற்க வேண்டும். விசில் ஊதியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி. இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் தண்ணீர் வந்தால்தான் கையெழுத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூத்து நடந்தது. காலேஜ் பிள்ளைகள், ஊழியர்களின் வீட்டார் என்று ஐந்நூறு பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். என் தளத்தில் ஏழாம் நம்பர் கழிவறையில் நின்றது மேனேஜரின் மாமியார். "நான் எதுக்கும்மா இதுக்குள்ள நிக்கணும்?" என்றார். "நாட்டுக்காக நில்லுங்கம்மா" என்றேன். ஆளாளுக்கு ஒரே சிரிப்பு. என் கையில் ஒரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். முதல் விசிலில் ஸ்டேடியமே கர்ஜித்தது. இரண்டாவது விசிலில் கீழ்த்தளம், மேற்குப் பக்கம் எல்லாம் கர்ஜித்தன, எங்கள் தளம் மட்டும் கொஞ்சமாக இருமியது. மூன்றாவதில் அதுவும் இல்லை.

மேடம் பம்ப் அறைக்குப் போய் ரெஜிஸ்டரைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஆறு. "ஆறு இருந்தா தண்ணி மேல ஏறியே ஆகணும். ஏறலைன்னா இந்த ஆறு உண்மை இல்ல" என்றார். அவர் கணக்குப்படி அது சரிதான். எங்கள் மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். என் அண்ணனைப் பார்த்து, "மீட்டரைப் பார்க்காமலேயே எழுதிட்டு இருந்திருக்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி சோதனை. அதுலயும் வரலைன்னா, பொய் எழுதினதுக்காக வெளிய அனுப்பினோம்னு லெட்டரோடதான் போவ" என்றார்.

வேலை போவதை அண்ணன் தாங்கிக்கொள்வான். பொய் எழுதினான் என்ற லெட்டரை அவனால் தாங்க முடியாது. சின்ன வயதில் நான் கண்ணாடியை உடைத்தபோது, உடைத்தது தங்கச்சிதான் என்று அப்பாவிடம் என்னையே காட்டிக்கொடுத்தவன் அவன். அவ்வளவு நேர்மை, பிடுங்கல். அந்த வாரம் முழுக்க மோட்டாரைப் பிரித்துப் பிரித்து மாட்டினான். சாப்பாட்டுத் தூக்கை அப்படியே திருப்பிக் கொண்டு போனான்.

இவரும் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. என் அண்ணனுக்காகக் கவலைப்படுகிறார் என்று எனக்குள் ஒரு நெகிழ்ச்சி. புதன்கிழமை சாயங்காலம், தட்டைப் பார்த்துக்கொண்டே, "மோட்டார்ல குத்தம் இல்ல" என்றார்.

"அப்புறம் எதுலங்க குத்தம்? நீங்கதானே டாக்டர், போய் மேடம்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. சொந்த மச்சானுக்காக நாலு வார்த்தை பேச வாய் வரவில்லையே என்று பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கதவு படாரென்று அறைந்தது. திரும்பிப் பார்த்தால் முட்டுக்கு இருந்த குடுவையைக் காணோம். இவர் அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத எடுத்துட்டுப் போனா கதவு அடிச்சுக்குமே. எங்க கொண்டு போறீங்க?"

"வேணும்" என்றார். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பத்து மணிக்கு நான் என் இடத்தில் நின்றேன். நாற்பத்திரண்டு கதவுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதல் விசிலுக்குத் தண்ணீர் வந்தது. இரண்டாவது விசில். வலது ஓரத்தில் நாலைந்து தொட்டியில் கொஞ்சம் வந்தது, மற்றதெல்லாம் வெறும் சத்தம். நான் வாக்கி டாக்கியை அமுக்கி, "மேல்தளம், வரல சார்" என்றேன். என் அண்ணனின் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டது போலிருந்தது. ஆனால் பொய் சொல்ல முடியுமா?

மேனேஜரின் குரல் கேட்டது. "போதும். பம்ப் ரூம், சாவியைக் குடுத்துட்டு மேல வாங்க."

பிறகு அண்ணன் பேசினான்.

"சார், முள்ளு ஆறுலதான் நிக்குது. இப்பவும் பார்த்துக்கிட்டேதான் பேசறேன். மேல வாளி தூக்கறது என் தங்கச்சி சார். அவ தூக்கறது தெரிஞ்சும் நான் மோட்டார் விஷயத்துல ஏமாத்துவேனா?"

கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அடுத்து வந்தது என் வீட்டுக்காரரின் குரல்.

"சார், நான் பிளம்பர் பேசறேன். மச்சான் மேல தப்பு இல்ல. விருந்தினர் ரூமுக்கு வெளிய, அந்தக் கோப்பை வாங்கின டீம் போட்டோவுக்குப் பின்னாடி ஒரு வால்வு இருக்கு. பத்தொன்பது வருஷமா அது கால்வாசிதான் தொறந்திருக்கு. மூடினது நான்."

எல்லா வாக்கி டாக்கியிலும் அது கேட்டது. கழிவறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. ஏழாம் நம்பரிலிருந்து மேனேஜரின் மாமியார் எட்டிப் பார்த்து, "யாரும்மா அது, உன் வீட்டுக்காரரா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் மீதி எனக்குத் தெரிந்தது. எல்லார் முன்னாலும் அவர் போட்டோவைக் கழற்றிக் கீழே வைத்தார். ஸ்க்ரூவை அவிழ்த்துப் பலகையைப் பெயர்த்தார். துருப் பிடித்த வால்வை முழுக்க மூடி, பக்கத்தில் இருந்த ஒரு மூடியைக் கழற்றி, எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டாக இருந்த குடுவையை அங்கே திருகி மாட்டினார். மேடம் அதைப் பார்த்து, "காத்துக் குடுவை! இத எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டாராம். வேகமாக ஓடி வருகிற தண்ணீர் சட்டென்று முட்டி நிற்கும்போதுதான் பைப் அடித்துக்கொள்ளும். அந்தக் குடுவைக்குள் இருக்கிற காற்று அந்த மோதலைத் தாங்கிக்கொள்ளுமாம். இதுதான் அந்தச் சத்தத்துக்கு உண்மையான மருந்து. மாட்ட இருபது நிமிடம் ஆனது. பிறகு வால்வை முழுக்கத் திறந்துவிட்டார்.

எனக்கு மேலே கேட்டது இவ்வளவுதான். சுவருக்குள்ளே ஒரு பெருமூச்சு. நாற்பத்திரண்டு தொட்டியும் ஒரே நேரத்தில் சீறத் தொடங்கின. ஒரு நிமிடத்தில் நிறைந்து நின்றன. விசில். கொட்டியது. விசில். கொட்டியது. மூன்றாவதுக்கும் கொட்டியது. சுவருக்குள் ஒரு சின்னத் தட்டல்கூட இல்லை. காலேஜ் பெண்கள் கைதட்டி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என்னையும் கட்டிக்கொண்டார்கள். நான் மரம் மாதிரி நின்றேன். என் காலடியில் பச்சை வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. வழக்கப்படி நான்தான் காலையில் பிடித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணனும் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பின்கதவு அறைந்துகொண்டே இருந்தது. அண்ணன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதன்பிறகுதான் இவர் என்னிடம் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதே இல்லை.

"அன்னிக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. வால்வைத் திருகினேன், சத்தம் நின்னுடுச்சு. மேட்ச் முடிஞ்சதும் தொறந்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கையைக் குலுக்கி டாக்டர்னு சொல்லிட்டாங்க. வேலையும் குடுத்துட்டாங்க. தொறந்தா சத்தம் வரும், இவன் ஒண்ணும் செய்யலைன்னு தெரிஞ்சுடும். அடுத்த வருஷம் பலகை அடிச்சு மூடிட்டாங்க. அப்புறம் நீ மேல வேலைக்கு வந்த."

"வந்தப்ப சொல்லியிருக்கலாமே."

"தினமும் நெனப்பேன். அந்தக் குடுவையை வாங்கிட்டு வந்தேன், ஒரு லீவு நாள்ல போய் மாட்டிடலாம்னு. நீ அத கதவுக்கு வெச்ச. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம்னு..." அண்ணன் வைத்துவிட்டுப் போன கிளாஸை நகர்த்தி வைத்தார். "இன்னிக்கும் காலையில எட்டு மணிக்கே அந்த போட்டோ முன்னாடி போய் நின்னேன். கை வரல. மச்சான் உன்னைப் பத்திச் சொன்னதும்தான் வந்துச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தைலம் தேய்த்த விரல் எந்த இடம் என்று கேட்காமலே போனதற்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. அந்தச் சக்கர வண்டிக்கும் தெரிந்தது. பாசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாசத்துக்கெல்லாம் பதிலாக அந்த ஒரு வால்வைத் திறந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். அதையும் அவரிடம் சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். இங்கே எழுத முடியாததும் அதில் உண்டு. கதவு படாரென்றது. அவர் எழுந்து, "ஒரு கல்லாவது வைக்கறேன்" என்றார்.

"வைக்காதீங்க. அடிச்சுக்கட்டும். இந்த வீட்டுல ஏதாவது ஒண்ணு சத்தம் போடட்டும்" என்றேன்.

அரை மோட்டார் என்ற பெயர் அந்த வாரமே ஒழிந்தது. மேனேஜர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, தோளைத் தட்டிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவரை ஊர் ஓரத்திலிருக்கிற பயிற்சி மைதானத்துக்கு மாற்றினார்கள். அங்கே மொத்தம் ஆறு குழாய். போட்டி முடிகிறவரை ஸ்டேடியத்துக்குள் வரக்கூடாது என்று அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

முதல் மேட்ச் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. நான் பழக்க தோஷத்தில் முதல் பாதியில் ட்ரம் நிரப்பினேன். இடைவேளையில் கூட்டம் வந்தது, சாமான்யமான கூட்டமில்லை. ஃப்ளஷ், தண்ணீர், ஃப்ளஷ், தண்ணீர். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. என் இரண்டு கைக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு குழந்தைக்குக் குழாயைத் திறந்து விட்டேன். இரண்டாம் பாதி தொடங்கியதும் மேற்பார்வையாளர் அம்மா, "போய்க் கொஞ்ச நேரம் பாரேன்" என்றார். வாசலில் போய் நின்றேன். அவ்வளவு பச்சையாகப் புல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. திடீரென்று ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தியது. கோல். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றதால் எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. ஆனாலும் நானும் கத்தினேன்.

கிளம்பும்போது என் பச்சை வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு அங்கே இனி வேலை இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தைல டப்பா. பின்கதவு காற்றில் அறைந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக அவர் அதற்கு ஒரு கல்கூட வைக்கவில்லை.

"தண்ணி?" என்றார்.

"வந்துச்சு."

"சத்தம்?"

"இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பச்சை வாளியை அவர் முன்னால் வைத்தேன். "வாசல் குழாயில இது நிறையப் புடிச்சு, கொண்டு வந்து அந்தக் கதவுக்கு முட்டுக் குடுங்க" என்றேன்.

பிடித்தார். விளிம்புவரை. தூக்கிக்கொண்டு வந்து கதவோரம் வைத்தார். கதவு நின்றது. அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்; கைப்பிடிக் கம்பி ஒரு கோடு போட்டிருந்தது.

"எத்தனை?" என்று கேட்டார்.

"ஒரு மேட்சுக்கு முப்பது. இருபத்திரண்டு படி ஏறணும்."

அவர் குனிந்து வாளியை மறுபடி தூக்கினார். வாசல்வரை கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வந்து வைத்தார். கதவு ஒரு முறை அறைந்து, நின்றது. மறுபடி தூக்கினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பதுவரைக்கும் எண்ணவேண்டும் என்றுதான் இருந்தேன். பதினொன்றில் அவர் கை மாற்றுவதற்காக நடுவழியில் நின்றபோது மனசு கேட்கவில்லை.

"போதும், வெச்சிடுங்க."

வைத்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கதவு அசையவில்லை.

"தோள் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

"நாளைக்குக் காலையில தெரியும்" என்றேன்.